கேள்வி கேட்டவர்

பிப்ரவரி 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இந்தக் கடிதத்தில் வரிசையாகச் சொல்லப்போவது:

1. உன் கதை கிடைத்ததும், பதில் தாமதமானதற்குக் காரணமும்.
2. கதை எந்த இடத்தில் இருந்து சொல்லப்படுகிறது என்று நான் சோதித்த முறை.
3. சொல்பவர் யார், சொல்லாமல் விடப்பட்டவர் யார் என்பது பற்றிய என் முடிவு.
4. கதைக்கு வெளியே ஒரு கேள்வி. இதைக் கேட்கலாமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. நான்காவது பகுதி வெறுமையாக இருந்தால் எனக்குத் தைரியம் வரவில்லை என்று எடுத்துக்கொள்.

முதலாவது. கதை போன வாரமே வந்துவிட்டது. கொஞ்சம் அசதி, அதனால் தாமதம். மேசையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறேன், வெளிச்சம் இங்கேதான் நன்றாக இருக்கிறது. எழுத்து கோணலாகத் தெரிந்தால் மேசையைத்தான் குறை சொல்ல வேண்டும், அதற்கு ஒரு கால் குட்டை.

பத்திரிகை ஆசிரியர் உன் கதையைத் திருப்பி அனுப்பி, ஓரத்தில் "இதைச் சொல்வது யார்?" என்று மட்டும் எழுதியிருந்ததாகச் சொன்னாய். "ஆயுசு பூரா அடுத்தவங்க சொன்னதைப் படிச்சு, சொன்ன ஆள் எங்க நின்னாருன்னு கண்டுபிடிச்சவர்தானே நீங்க, இதையும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்றும் எழுதியிருந்தாய். என்னிடம் யாரும் வேலை கேட்டு வெகுகாலம் ஆயிற்று. படிக்கும் முன்பே கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துக்கொண்டேன்.

இரண்டாவது. துறைமுக விபத்து விசாரணைப் பிரிவில் என் வேலை என்ன என்று நீ சின்ன வயதில் கேட்கும்போதெல்லாம் "காகிதம் படிக்கிற வேலை" என்று சொல்லிவைத்தேன். அது முழு உண்மை அல்ல. பாரந்தூக்கியின் கயிறு அறுந்தது என்று வைத்துக்கொள். கீழே நின்ற மேஸ்திரி எழுதித் தருகிறார்: "கயிறு அறுந்ததும் ஓட்டுநரின் முகம் வெளுத்துப்போனது." அவர் நின்றது ஓட்டுநர் அறைக்கு நேர் கீழே. அங்கிருந்து பார்த்தால் அறையின் தகரத் தளம்தான் தெரியும், முகம் தெரியாது. ஆகவே அது அவர் கண்டது இல்லை, யாரோ சொல்லிக் கேட்டது. அவர் பொய்யர் என்று பொருள் இல்லை. அந்த ஒரு வாக்கியம் வேறொருவருடைய கண்ணில் இருந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வேறொருவரைத் தேடிப் பிடிப்பதே என் வேலை.

கதைக்கும் இதே முறையைத்தான் கையாண்டேன், தவறாகவும் இருக்கலாம். முதல் சோதனை, சொல்பவர் "நான்" என்கிறாரா, "அவள்" என்கிறாரா? உன் கதையில் "அவள்". ஆனால் இதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. படர்க்கை என்பது ஒரு சட்டை, அதைப் போட்டுக்கொண்டு தன்னைப் பற்றியே பேசுகிறவர்கள் உண்டு. இரண்டாவது சோதனை, எத்தனை பேருடைய மனம் திறந்து காட்டப்படுகிறது? எல்லோருடைய மனமும் திறந்திருந்தால் சொல்பவர் எல்லாம் அறிந்தவர், கூரைக்கு மேலே இருப்பவர். ஒரே ஒரு மனம் திறந்திருந்தால் அவர் அந்த ஆளோடு ஒட்டிக்கொண்டிருப்பவர். மூன்றாவது சோதனை, கண்கள் எங்கே இருக்கின்றன?

உன் கதையில் ஒரு பெண் வீட்டில் தனியாக இருக்கிறாள். எழுந்ததும் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்கிறாள். குளியலறையின் ஈரத் தரையை, கடிக்குமோ என்று நாயைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள். முழங்கையில் கன்றிப்போன தடம். அதை மறைக்க முழுக்கை போட்டுக்கொள்கிறாள். "கையில என்ன?" என்று ஒரு கேள்வி வருகிறது. அவள் சிரித்து, "அலமாரிக் கதவு இடிச்சிடுச்சு" என்கிறாள். வாசல் மணி அடித்தால் முதலில் கண்ணாடியில் முகத்தைச் சரிசெய்துகொண்டு பிறகுதான் கதவைத் திறக்கிறாள். தொலைபேசியில் யார் கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாள்.

மூன்றாவது. "தரை தன்னை விழுங்கக் காத்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது" என்று ஒரு வரி இருக்கிறது. இது அவளுக்கு உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். வேறு யாருடைய மனமும் கதையில் திறக்கப்படவில்லை. ஆகவே என் முடிவு: கதையைச் சொல்பவர் அந்தப் பெண்ணேதான். வெட்கத்தாலோ பயத்தாலோ "நான்" என்று சொல்லாமல் "அவள்" என்கிறாள்.

சொல்லாமல் விடப்பட்டவர்கள் இருவர். சமையலறையில் இரண்டு தட்டுகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாவது தட்டுக்கு உரியவர் கதையில் எங்குமே வரவில்லை. ஒரு வீட்டில் தினமும் சாப்பிடுகிற ஒரு ஆளைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்றால், சொல்பவருக்கு அவரைப் பற்றிப் பேச அச்சம் இருக்கிறது என்பது என் அனுபவம். மற்றவர், அந்தக் கேள்வியைக் கேட்டவர். அவர் அக்கம்பக்கத்து ஆளாக இருக்கலாம். முக்கியமில்லாத ஒருவர் என்று தள்ளிவிட்டேன்.

நான்காவது. உன் முழங்கை எப்படி இருக்கிறது?

அப்பா


பிப்ரவரி 10

அன்புள்ள அப்பாவுக்கு,

என் முழங்கையா? அது பாட்டுக்குக் கைக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீங்கள் கடைசியாக வைத்த கேள்வியைப் படித்துவிட்டு, வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தின் தாள் இதில் கலந்துவிட்டதோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

உங்கள் முறை பிரமாதம். பாரந்தூக்கி உதாரணத்தை மருத்துவமனையில் என்னோடு வேலை செய்பவளிடம் சொன்னேன். "உங்கப்பாவை நம்ம வார்டுல உக்கார வைக்கணும்டீ, தினமும் நடந்தேன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் கட்டில்ல இருந்தே எறங்கலன்னு கண்டுபிடிச்சிடுவார்" என்றாள். நாங்கள் பிசியோதெரபிக்காரர்கள், யாரும் சொல்வதை நம்ப மாட்டோம், நடக்கச் சொல்லிப் பார்ப்போம்.

ஆனால் விடை தவறு, அப்பா. மூன்று சோதனை என்று சொல்லிவிட்டு இரண்டோடு நிறுத்திவிட்டீர்கள். கண்கள் எங்கே இருக்கின்றன என்பதைப் பார்க்கவே இல்லை. இன்னொரு தடவை படியுங்கள். இரண்டாம் பக்கத்தை மெதுவாகப் படியுங்கள். கேள்வி கேட்டவரை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள். ஆசிரியருக்கு அடுத்த மாத நடுவுக்குள் பதில் எழுத வேண்டும், அவசரம்தான், ஆனால் எனக்கு அதைவிட நீங்கள் படிப்பதுதான் அவசரம்.

போன தடவை நான் வந்திருந்தபோது உங்கள் மணிக்கட்டில் ஒரு காயம் இருந்ததே, ஆறிவிட்டதா? தினமும் கீழே இறங்கி நடக்கிறீர்களா? இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுதுங்கள்.

இங்கே அவருக்கு வேலை கழுத்து வரை. ஒரு பெரிய கட்டடத்தில் நான்கு லிஃப்டுகளையும் ஒரே நேரத்தில் பழுது பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் எரிச்சலில் அலமாரிக் கதவைக்கூட அடித்துத்தான் சாத்துகிறார். பழுது முடிந்ததும் சரியாகிவிடும்.

சுண்டு


பிப்ரவரி 16

அன்புள்ள சுண்டுவுக்கு,

இந்தத் தடவை வரிசை எண் போட மனம் ஓடவில்லை.

கதையை மறுபடி படிக்கும் முன் உன் கடிதத்தைத்தான் பலமுறை படித்தேன். அதில் இரண்டு இடங்கள் என்னை உறங்கவிடவில்லை. ஒன்று, "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்." கதையில் அந்தப் பெண் தொலைபேசியில் சொல்வதும் இதே வார்த்தைதான். இரண்டு, அலமாரிக் கதவு. நான் கேட்காமலே, கடிதத்தின் முடிவில், வேறு செய்தியோடு செய்தியாக அதை வைத்திருக்கிறாய். பயந்த சாட்சிகள் உண்மையை அப்படித்தான் வைப்பார்கள். நடுவில் வைக்க மாட்டார்கள், ஓரத்தில், சில்லறை விஷயம் போல வைப்பார்கள்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்றால் சொல்லிவிடு. என்னை நானே அப்படித்தான் திட்டிக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு பக்கம் யோசனை ஓடிக்கொண்டே இருக்கிறது. மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். உன் திருமணப் பேச்சு வந்தபோது உன் அம்மாவிடம், "பேசாத மனுஷன் மனசுல என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "நீங்க மட்டும் என்ன, வாயாடியா?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இப்போது முடியாமல் நிற்கிறது.

மணிக்கட்டு ஆறிவிட்டது. கதவு நிலையில் இடித்துக்கொண்டதுதான், அப்போதே சொன்னேனே. கீழே இறங்குவது பற்றிக் கேட்டிருந்தாய். வெயில் கொஞ்சம் தணிந்ததும் இறங்கலாம் என்று இருக்கிறேன். கீழ்த்தளத் தையல்காரர் நல்லவர், வேண்டியதை வாங்கி மேலே கொண்டுவந்து தருகிறார்.

ஒரு காரியம் செய்துவிட்டேன், உன்னிடம் மறைக்கக் கூடாது. மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிவிட்டேன். முதலில் கடுமையாகத்தான் எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். இரண்டாவது பிரதியில் கொஞ்சம் தணித்தேன். அனுப்பியது அதற்கும் அடுத்த பிரதி. அதில் மிச்சம் என்ன இருந்தது என்று எனக்கே இப்போது நிச்சயம் இல்லை. ஆனால் அவருக்குப் புரியும். குற்றமுள்ள நெஞ்சுக்குக் குறிப்பே போதும்.

உனக்கு என்ன என்று ஒரே ஒரு வரி எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

அப்பா


பிப்ரவரி 23

சுண்டு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. மாப்பிள்ளையிடமிருந்தும் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர்தான் எடுத்தார். "ஹலோ, யாரு? மாமாவா?" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். அவர் திரும்பக் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. இது எவ்வளவு மடத்தனம் என்று எனக்குத் தெரியும். நீ பக்கத்தில் இருந்தாயா, இல்லையா என்பதைக்கூடக் கேட்கவில்லை.

நேற்று ரயிலுக்குப் புறப்பட்டுவிட்டேன். பையில் இரண்டு சட்டை, மாத்திரைகள், உன் கதை. வீட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மாடிப்படியின் வளைவு வரை இறங்கினேன். அங்கே நின்றேன். அதற்கு மேல் கால் எடுத்து வைக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி மேலே வந்துவிட்டேன். பெற்ற மகளுக்கு ஒன்று என்றால்கூட வளைவைத் தாண்டாத மனிதன் நான். என் கோழைத்தனம் உனக்குப் புதிதல்ல, எனக்கும் புதிதல்ல, ஆனாலும் இந்த அளவுக்கு இருக்கும் என்று நினைக்கவில்லை.

எழுது.

அப்பா


பிப்ரவரி 26

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கைந்து முறை தொடங்கிக் கிழித்துப் போட்டேன். முதலில் கோபம், பிறகு சிரிப்பு, அதன் பிறகு உங்கள் 23-ஆம் தேதிக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு இரண்டுமே இல்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அவருக்கு நீங்கள் எழுதியது வந்தது. சாப்பிட்டுக்கொண்டே படித்தார். படித்துவிட்டு எழுந்துபோய் அலமாரியைத் தடவிப் பார்த்தார்.

"என்னாச்சு?" என்றேன்.

"மாமா கேட்டிருக்கார், நம்ம அலமாரி விளிம்பெல்லாம் கூரா இருக்கான்னு."

"எதுக்காம்?"

"'ஒரு வீட்டில் யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது அந்த வீட்டு ஆண்மகனின் கடமை'ன்னு போட்டிருக்கார். உண்மைதானே? பாரு, இந்த மூலை உன் தலைக்கு நேரா இருக்கு. இத்தனை வருஷமா எனக்குத் தோணவே இல்ல. எங்கப்பா ஒருநாள் இப்படி எழுதினதில்ல."

மறுநாள் லிஃப்ட் கதவுகளில் ஒட்டுகிற ரப்பர் பட்டையைக் கொண்டுவந்து வீட்டில் உள்ள எல்லா அலமாரிக்கும், மேசைக்கும், ஸ்டூலுக்கும் ஒட்டினார். எங்கள் சாமான்கள் எல்லாம் இப்போது பனிக்காலத்துக் குழந்தைகள் மாதிரி உறை போட்டுக்கொண்டு நிற்கின்றன. நீங்கள் தொலைபேசியை வைத்தபோதுகூட, "லைன் சரியில்ல போல, பாவம் மாமா" என்றார். அதன் பிறகுதான் உங்கள் 16-ஆம் தேதிக் கடிதம் என் கையில் கிடைத்தது, அவர் தன் கருவிப் பையில் வைத்து மறந்துவிட்டிருந்தார். நீங்கள் அவரை என்னவென்று நினைத்தீர்கள் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, அப்பா. இன்னும் அவரை நீங்கள் எதிர்த்தரப்புச் சாட்சி மாதிரிதான் பார்க்கிறீர்களா?

சரி. இனி மறைத்துப் பிரயோசனம் இல்லை. கதையில் வரும் "அவள்" நான் இல்லை. நீங்கள்.

ஆணைப் பெண்ணாக்கினேன். மணிக்கட்டை முழங்கையாக்கினேன். கதவு நிலையை அலமாரிக் கதவாக்கினேன். கண்டுபிடித்துவிடுவீர்கள், சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். நேரில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறீர்கள். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். வேறு எப்படித்தான் கேட்பது? காகிதத்தில் கொடுத்தால் மட்டும் நீங்கள் ஒரு வரி விடாமல் படிப்பீர்கள். அதனால்தான் எழுதினேன். ஆசிரியர் கேட்டது உண்மைதான், ஆனால் அவர் கேட்பதற்கு முன்பே அதை உங்களிடம் கொடுக்க வேண்டும் என்றிருந்தேன்.

இப்போது உங்கள் மூன்றாவது சோதனையை நான் செய்கிறேன். இரண்டாம் பக்கம்: "அவள் அடுப்பின் பக்கம் திரும்பியபோது, வலது தோள்பட்டைக்குப் பின்னால் சுவரின் வெள்ளை ஒட்டியிருந்தது." இதை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். ஓட்டுநரின் முகத்தைக் கீழே நின்று பார்க்க முடியாது என்று பிடித்தவர் நீங்கள். தன் தோளுக்குப் பின்னால் இருப்பதை ஒரு ஆள் எப்படிப் பார்க்க முடியும்? அந்த வரியைச் சொல்பவர் அவளுக்கு உள்ளே இல்லை, பின்னால் நிற்கிறார். சமையலறை வாசலில் நிற்கிறார். இரண்டாவது தட்டு அவருடையது, ஏனென்றால் அவர் இரண்டு நாள் விருந்தாளியாக வந்திருக்கிறார். "கையில என்ன?" என்று கேட்டவரும் அவர்தான். நீங்கள் முக்கியமில்லாத ஒருவர் என்று தள்ளிவிட்ட அந்த ஆள் நான்தான், அப்பா.

"தரை விழுங்கக் காத்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது" என்பது என் தப்பு. அது என் ஊகம். உங்களுக்கு என்ன தோன்றியது என்று எனக்கு எப்படித் தெரியும்? பார்த்ததை மட்டும் எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு வரி ஆசிரியரையும் குழப்பிவிட்டது, உங்களையும் குழப்பிவிட்டது.

பார்த்ததை மட்டும் இப்போது சொல்கிறேன். நீங்கள் படுக்கையறையில் இருந்து குளியலறைக்குப் போகும்போது வலது தோளைச் சுவரில் வைத்துக்கொண்டு போகிறீர்கள். இப்படி நடப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். யாரைக் கேட்டாலும் "நான் எங்க சுவத்தைத் தொடறேன்?" என்பார்கள், சத்தியம் செய்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று பொருள் இல்லை. அவர்களுக்கே தெரியாது. விழுந்த பிறகுதான் தெரியும், இடுப்பு எலும்பு முறிந்து, பூட்டிய வீட்டுக்குள் கிடந்து, யாராவது கதவை உடைத்த பிறகு. அது உங்களுக்கு நடக்கக் கூடாது என்றுதான் இத்தனை சுற்று சுற்றினேன்.

எத்தனை தடவை விழுந்தீர்கள்?

நம்பவில்லை என்றால் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

சுண்டு


மார்ச் 5

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் மறுப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஐந்து மறுப்புகள், எண் போட்டு. மணிக்கட்டும் முழங்கையும் வேறு வேறு, கதவு நிலையும் அலமாரிக் கதவும் வேறு வேறு, நான் ஆண், இப்படி. நான்காவதில் "நான் சுவரைத் தொடுவதில்லை" என்று எழுதினேன். எழுதிவிட்டு, இதற்கு ஆதாரம் என்ன என்று பழைய பழக்கத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். ஆதாரம் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

சட்டையைக் கழற்றினேன். வலது தோள்பட்டைக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை.

அன்றைக்கு எங்கேயோ தெரியாமல் சாய்ந்திருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கொடியில் கிடந்ததைப் பார்த்தேன். அதிலும் இருந்தது, துவைத்தும் முழுதாகப் போகவில்லை. அலமாரியில் மடித்து வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஊருக்குப் போட்டுக்கொள்வதற்கென்று வைத்திருக்கும் சாம்பல் நிறச் சட்டை ஒன்றில்தான் இல்லை. அதை நான் போடுவதே இல்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. தையல்காரர் ரொட்டி வாங்கி வந்திருந்தார். கட்டில் நிறையச் சட்டைகள் கிடக்க, பனியனோடு நான் நிற்பதைப் பார்த்து, "என்ன சார், கடை போட்டுட்டீங்க?" என்றார். தோள் பக்கத்தைக் காட்டி, இதை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"இதுவா? எப்பவும்தான் இருக்கு. அந்த ஒரே எடத்துல."

"எப்பவுமா? ஏன் சொல்லல?"

"நான் என்னத்த சொல்றது சார்? பெரியவங்க சட்டையைப் பத்தி. நம்ம சார் பொழுது போகலன்னு எங்கயோ சுண்ணாம்படிக்கப் போறார் போலன்னு நெனச்சேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு நடைவழிக்கு வந்து சுவரைப் பார்த்தேன். தினமும் நடக்கிற சுவர். என் தோள் உயரத்தில், படுக்கையறைக் கதவில் தொடங்கிக் குளியலறைக் கதவு வரை ஒரு பட்டை. வெள்ளை தேய்ந்து, அடியில் உன் அம்மா காலத்தில் அடித்த நீலம் தெரிகிறது. நான் கோடு போட்டது போல நேராக இருக்கிறது.

உன் அம்மா இருந்தவரை, வெளியே கிளம்பும்போது பின்னால் வந்து என் சட்டையைத் தட்டிவிடுவாள். "என்ன?" என்று திரும்புவேன். "ஒண்ணுமில்ல, போங்க" என்பாள். அங்கே ஏதோ இருந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும். நான் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை.

இனி நேரான பதில். விழுந்தேன், ஒரு தடவைக்கு மேல். முதல் தடவை குளியலறையில். அடி பெரிதில்லை, ஆனால் எழுந்திருக்க நேரமாயிற்று. மல்லாந்து கிடந்தபோது கைகழுவும் தொட்டியின் அடிப்பக்கம் தெரிந்தது. அங்கே குழாய்க்காரர் பென்சிலால் ஏதோ அளவு குறித்து வைத்திருக்கிறார். இந்த வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் அதைப் பார்க்க நான் விழ வேண்டியிருந்தது. உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் இந்த வீட்டைப் பூட்டச் சொல்வாய் என்ற பயம். உன் வீட்டு வரவேற்பறையில் ஒரு நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டு, வருகிறவர்களிடம் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பேனே என்ற பயம். அந்தப் பயம் இப்போதும் இருக்கிறது. அதை மறைக்கவில்லை, குறித்துக்கொள்.

மாடிப்படிக்கும் போய்ப் பார்த்தேன். பயந்துவிடாதே, தையல்காரரைக் கூட வைத்துக்கொண்டுதான் போனேன். வளைவில் நின்று, அன்றைக்கு நான் எங்கே நின்றேன் என்று பார்த்தேன். வலதுபக்கச் சுவர் அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஜன்னலும் வெறும் கம்பியும்தான், தோள் வைக்க ஒன்றும் இல்லை. கோழைத்தனத்தால் திரும்பிவிட்டேன் என்று உனக்கு எழுதினேன். இப்போது அப்படி அடித்துச் சொல்ல முடியவில்லை. கோழைத்தனம் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் கால் நின்றது சுவர் முடிந்த இடத்தில். என்னைப் பற்றி நானே கொடுத்த வாக்குமூலத்திலும், இருந்த இடத்தில் இருந்து எனக்குத் தெரியாததைத்தான் எழுதியிருக்கிறேன்.

மாப்பிள்ளை நேற்று கூப்பிட்டார். எடுத்தேன். "மாமா, லிஃப்டுக்குள்ள ஒரு கைப்பிடி இருக்கும் பாருங்க, அதே மாதிரி எஃகுல ரெண்டு கொண்டுவரேன். நடைவழிக்கு ஒண்ணு, குளிக்கிற எடத்துக்கு ஒண்ணு. சனிக்கிழமை வந்தா இருப்பீங்களா?" என்றார். நான் எங்கே போகப்போகிறேன், இருப்பேன் என்றேன். பிறகு கொஞ்சம் தயங்கி, "மாமா, அலமாரிக்கும் பட்டை கொண்டுவரட்டுமா? எங்க வீட்ல ஒட்டிட்டேன், நல்லா இருக்கு" என்றார். கொண்டுவாருங்கள் என்றேன். அவரிடம் நான் எதை நினைத்து எழுதினேன் என்பதை நானே சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மனம், ரப்பர் பட்டையோடு போகட்டும் என்று இன்னொரு மனம். சனிக்கிழமைக்குள் தீர்மானிக்க வேண்டும். உன் யோசனையை எழுது. நீயும் கூட வந்தால், நான் நடப்பதை நீ பார்க்கலாம். வீட்டைப் பூட்டுவது பற்றிப் பார்த்த பிறகு பேசலாம், அதற்கு முன் வேண்டாம்.

ஆசிரியருக்கு எழுத வேண்டியது: கதையைச் சொல்பவர் அந்தப் பெண் அல்ல, கூரைக்கு மேலே இருப்பவரும் அல்ல. அவளுக்குப் பின்னால், சமையலறை வாசலில் நிற்பவர். அவளுடைய மனதுக்குள் போகும் அந்த ஒரு வரியை எடுத்துவிடு. அதற்குப் பதில், "'கையில என்ன?' என்று கேட்டேன்" என்று ஓரிடத்தில் மட்டும் உன்னைக் காட்டிவிடு. அது போதும், அதற்குப் பிறகு படிக்கிறவர்கள் எல்லா வரியிலும் உன்னைப் பார்த்துக்கொள்வார்கள். இது என் கருத்து மட்டுமே. என் கருத்துகளின் தரம் இந்த மாதம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு திருத்தம். பிப்ரவரி 3-ஆம் தேதிக் கடிதத்தின் மூன்றாவது பகுதியில், கேள்வி கேட்டவர் முக்கியமில்லாத ஒருவர் என்று எழுதியிருந்தேன். அது தவறு.

அப்பா